பிரித்தால் கேரண்டி போய்விடும்

கடலூர் மஞ்சக்குப்பத்துச் சுப்பராயலு நம்பியவை மூன்றே மூன்று: இரும்பு, செம்பு, எடை. மனிதர்களை அதில் அவர் சேர்க்கவில்லை. அவர்கள்மேல் விரோதம் ஒன்றுமில்லை. சோதித்துப் பார்க்க வழியில்லை, அவ்வளவுதான். இரும்பைச் சுத்தியால் தட்டிக் காது கொடுத்தால் உள்ளே விரிசல் இருப்பதைச் சொல்லிவிடும். செம்பைப் பிளேடால் சுரண்டினால் நிறம் சொல்லிவிடும். எடையைத் தராசு சொல்லும். மச்சானை எதைக் கொண்டு தட்டுவது?

அவர் தெருத் தெருவாகப் போய் வெல்டிங் அடிப்பவர். பட்டறை கிடையாது. எண்ணெய் ஊற்றிய பெரிய வெல்டிங் செட்டு ஒன்று, அதைச் சுமக்க ஒரு மூன்று சக்கர வண்டி, இரண்டு கட்டு வயர், இவ்வளவுதான் தொழில். செட்டு மட்டும் நூற்றுப் பத்து கிலோ. கேட்டோ, கிரில்லோ, மொட்டைமாடிக் கொட்டகையோ, எதைப் பத்தவைத்தாலும் முடித்தபின் ஒவ்வொரு மூட்டாகச் சுத்தியால் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்பார். தன் வேலையையே சந்தேகப்படுகிற மனிதர் என்பதால் ஊரில் அவருக்கு நல்ல பெயர். சந்தேகத்தை வைத்து இத்தனை பேர் நம்பிக்கையைச் சம்பாதித்தவர் மஞ்சக்குப்பத்தில் வேறு யாரும் இல்லை.

சட்டைப் பையில், மற்றவர்கள் பீடிக்கட்டு வைக்கும் இடத்தில், காகிதத்தில் மடித்த அரை பிளேடு வைத்திருப்பார். அதற்கு ஒரு காரணம் உண்டு. சுனாமிக்கு அடுத்த வருஷம் தேவனாம்பட்டினம் பக்கம் எங்கே திரும்பினாலும் இரும்பு வேலை. கொட்டகை, தகரக் கூரை, படகு எஞ்சின் மாட்டும் சட்டம். அந்த அவசரத்தில், முதுநகரில் பட்டறை வைத்திருந்த பக்கிரியிடம், செம்புக் கம்பி சுற்றிய காயில் உள்ள செட்டு என்று ஒன்றை வாங்கினார். இருபத்து மூன்றாம் நாள் அது புகைந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே அலுமினியக் கம்பி. மேலே செம்பு நிறத்தில் வார்னிஷ்.

"எனக்கே தெரியாது மச்சான். எனக்கு வித்தவன் என்னையும் ஏமாத்திட்டான்" என்றான் பக்கிரி.

அந்தப் பதில்தான் சுப்பராயலுவை ஆறேழு வருஷமாக அரித்தது. பக்கிரி சொன்னது பொய்யென்றால் அவன் திருடன்; நிஜமென்றால் முட்டாள். இரண்டில் எது என்று தெரியாமல் எப்படி ஒருவனை வெறுப்பது? அதற்குப் பிறகு எந்தச் செட்டையும் மூடியைக் கழற்றி, காயிலைப் பிளேடால் சுரண்டாமல் அவர் தொட்டதில்லை. இப்போதுள்ள பெரிய செட்டு இரண்டாயிரத்து ஆறில் அப்படிச் சுரண்டி வாங்கியதுதான். சுரண்டிய இடம் சிவப்பாக மின்னியது. அன்றைக்கு வீட்டில் கேசரி செய்யச் சொன்னார்.

இரண்டாயிரத்துப் பதினொன்று டிசம்பர் முடிகிற சமயம் 'தானே' என்ற புயல் வந்து, கடலூர் மாவட்டத்தில் நின்றுகொண்டிருந்ததில் பாதியைப் படுக்கவைத்துவிட்டுப் போனது. மின்கம்பங்கள் முறிந்து கிடந்தன. ஊரில் இருந்த இரும்பு எல்லாம் வளைந்து, பிய்ந்து, பத்தவைக்கச் சொல்லிக் காத்திருந்தது. கரண்டுதான் இல்லை. ஒரு வெல்டருக்கு வாழ்நாளில் ஒரு முறை வரும் அளவுக்கு வேலையும், ஒன்றையும் செய்ய முடியாத நிலையும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன.

அவர் மனைவி கொளஞ்சியம்மாளின் தம்பி ராஜ்கமல் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். புயலுக்குப் பிறகு ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து, ஊர் செல்போன்களுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தான். அதில் தன் செட்டை இணைத்துப் பார்த்தார் சுப்பராயலு. வெல்டிங் ராடு இரும்பில் பட்டதும் ஜெனரேட்டர் ஒரு முறை உறுமியது, இரண்டு முறை இருமியது, அணைந்தது. சார்ஜில் இருந்த முப்பது செல்போன்களின் சொந்தக்காரர்களும் ஒரே குரலில் அவரைத் திட்டினார்கள்.

பக்கிரி அந்த வாரமே பெரிய டீசல் ஜெனரேட்டர் இறக்கிவிட்டான். நேரே வீட்டுக்கு வந்தான்.

"இன்னா மச்சான், இன்னும் எத்தினி நாளைக்கு இதை இழுத்துகினு திரிவ? நம்ம பட்டறைக்கு வந்துடு. நிழல்ல நிக்கலாம், நாள் சம்பளம், மதியச் சாப்பாடு."

"யோசிச்சுச் சொல்றேன்."

"பொங்கல் கழிச்சுச் சொல்லு. அதுக்கு மேல எனக்கு ஆள் நிக்காது."

தன்னை ஏமாற்றிய திருடனிடம், அல்லது முட்டாளிடம், கூலிக்கு நிற்பதா? சுப்பராயலு அன்றிரவு சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கையில் மிச்சமிருந்த பெரிய வேலை ஒன்றே ஒன்று. சிதம்பரம் தெற்கு வீதியை ஒட்டிய சந்தில் ஜகதாம்பாள் என்று ஒரு ரிட்டயர்டு கணக்கு டீச்சர். மாடியில் கல்லூரிப் பெண்கள் ஆறு பேருக்கு அறை விட்டிருந்தார். வெளிப்பக்கமாக மாடிக்கு ஏறும் இரும்புப் படிக்கட்டு, சுப்பராயலு ஐந்து வருஷம் முன்பு செய்தது. அதன்மேல் தென்னைமரம் சாய்ந்துவிட்டது. டீச்சர் போனில் சுருக்கமாகச் சொன்னார்: "பத்தொன்பதாம் தேதி பொண்ணுங்க வராங்க. அதுக்குள்ள உன்னால முடியலேன்னா அந்த முதுநகர் பக்கிரியைக் கூப்பிட்டுக்கறேன். நம்பர் வாங்கி வச்சிருக்கேன்."

ஆக, அந்தப் படிக்கட்டு பக்கிரிக்குப் போனால் பின்னாலேயே சுப்பராயலுவும் பக்கிரிக்குப் போக வேண்டியதுதான். வித்தியாசம், படிக்கட்டுக்கு மதியச் சாப்பாடு கிடையாது.

"மாமா, இன்வெர்ட்டர் செட்டுன்னு ஒண்ணு வந்திருக்கு" என்றான் ராஜ்கமல். "என் ஜெனரேட்டர்லயே ஓடும். சிதம்பரத்துல மேல வீதில நடேஷ்னு ஒருத்தர் கடை வச்சிருக்கார், அவர்கிட்ட இருக்கு. எட்டே கிலோ."

"எட்டு கிலோவா?"

"பைல போட்டுத் தோள்ல மாட்டிக்கலாம்."

"நூத்திப் பத்து கிலோ செய்யற வேலைய எட்டு கிலோ செய்யுதுன்னா மீதி நூத்தி ரெண்டு கிலோ வேலைய யார்ரா செய்யறது?"

ராஜ்கமல் ஏதோ எலக்ட்ரானிக்ஸ் விளக்கம் சொன்னான். செல்போன் பிரிக்கிறவன் சொல்வதைச் சுப்பராயலு எடை போட்டுப் பார்த்தார். அதுவும் எட்டு கிலோ தேறவில்லை. நடேஷுக்கும் இவனுக்கும் கமிஷன் பேச்சு இருக்குமோ என்று தோன்றியது. ஆனாலும் ஜனவரி பதினொன்றாம் தேதி காலை பஸ் ஏறினார். இடுப்பில் பணம், மடியில் ஒரு கோணிப்பை.

நடேஷ் முப்பது வயது, நெற்றியில் விபூதி, கவுண்டரில் கால்குலேட்டர். சிரித்த முகம். சிரித்த முகம் சுப்பராயலுவுக்கு ஒரு மார்க் குறைவு.

"ஓட்டிக் காட்டறேன், பாருங்கண்ணே" என்று நடேஷ் ஒரு தகட்டை எடுத்தார்.

"அந்தத் தகடு வேணாம்." கோணிப்பையிலிருந்து தன் இரும்பை எடுத்தார் சுப்பராயலு. நடேஷ் ராடு நீட்டினார். "ராடும் வேணாம்." தன் ராடுகளை எடுத்தார். பிறகு கண்ணாடி, சுத்தி. கடையின் ஜெனரேட்டரைத்தான் கொண்டுவர முடியவில்லை; அதைச் சுற்றிவந்து எங்கேயாவது இன்னொரு வயர் போகிறதா என்று குனிந்து பார்த்தார்.

பத்தவைத்தார். ராடு ஒட்டாமல், துப்பாமல், எண்ணெய் மாதிரி ஓடியது. கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தார். தன் கையா இது என்று இருந்தது. அதுதான் முதல் சந்தேகம். முதல் நாளே இவ்வளவு நன்றாக ஓடுகிற எந்தப் பொருளும் நல்லபடியாக முடிந்து அவர் பார்த்ததில்லை. சுத்தியால் தட்டினார். கணீரென்றது. இன்னொரு இரும்பை எடுத்தார். அதுவும் கணீரென்றது.

"திருப்தியாண்ணே?"

"மூடியக் கழட்டுங்க."

நடேஷின் சிரிப்பு முதல் முறையாகச் சுருங்கியது. பெட்டியின் பக்கவாட்டில், ஸ்க்ரூவின் தலைமேல் ஒட்டியிருந்த வெள்ளிநிறச் சீட்டைக் காட்டினார். "இது கிழிஞ்சா கேரண்டி போயிடும்ணே. ஒரு வருஷ கேரண்டி."

"உள்ள என்ன இருக்குன்னு பாக்காம எப்பிடி வாங்கறது?"

"நம்பிக்கைதான்."

"நம்பற மாதிரி இருந்தா கேரண்டி எதுக்குங்க?"

நடேஷ் அந்தச் சீட்டைத் தடவிப் பார்த்தார். யோசித்துப் பார்த்தால் இதற்கு யாருக்கும் பதில் வராது. பிரித்துப் பார்த்தால் சுப்பராயலுவுக்கு நம்பிக்கை வரும், கேரண்டி போகும். பிரிக்காவிட்டால் கேரண்டி நிற்கும், நம்பிக்கை வராது. இரண்டும் சேர்ந்து கிடைக்கும்படி யாரும் அந்தப் பெட்டியைச் செய்யவில்லை. அந்த நேரத்தில் ஒருவர் பைப் கேட்டு வர, நடேஷ் பின்னால் குடோனுக்குப் போனார்.

பிளேடு தானாகவே கைக்கு வந்தது என்று சுப்பராயலு பின்னால் சொல்லிக்கொண்டார். சீட்டு கிழிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே பச்சை அட்டை, விசிறி, குழந்தை விளையாட்டுச் சாமான் போல உருளை உருளையாக ஏதேதோ. ரேடியோப் பெட்டியைப் பிரித்தால் இதைவிடக் கனமாக இருக்கும். காயில் எங்கே? ஒரு மூலையில் பளபளவென்று ஏதோ தெரிந்தது. பிளேடை நீட்டினார்.

பளாரென்று ஒரு பொறி. கை தானாகப் பின்னால் பறந்தது. அவர் ஸ்டூலோடு இரண்டடி நகர்ந்து பெயிண்ட் டப்பாக்களில் போய் முட்டினார். பிளேடின் முனை உருகி உருண்டையாகியிருந்தது.

சத்தம் கேட்டு நடேஷ் ஓடிவந்தார். "ஐயோ அண்ணே! பிளக்கைப் பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் உள்ள கரண்டு நிக்கும். அதுக்குத்தான் அந்தச் சீட்டே!"

"பிளக்கைப் பிடுங்கின பொறவும் அடிக்குதுன்னா..." சுப்பராயலு உருகிய பிளேடைப் பார்த்தார். இத்தனை வருஷத் தொழிலில், அணைத்த பிறகும் உயிரோடு இருக்கும் இயந்திரத்தை அவர் பார்த்ததில்லை. "காயில் எங்கங்க?"

நடேஷ் தூரத்தில் இருந்தே காட்டினார். கைப்பிடி அளவு.

"மீதி?"

"மீதின்னு ஒண்ணும் இல்லண்ணே. அவ்ளோதான்."

அது செம்பா அலுமினியமா என்று கடைசிவரை தெரியாமலே போயிற்று. சீட்டுக் கிழிந்த பெட்டியை இனி யாரும் வாங்க மாட்டார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக மனதுக்குள் நடந்த வழக்கை அரை பிளேடு முடித்துவைத்தது. சுப்பராயலு இடுப்பைத் தடவிப் பணத்தை எடுத்தார். நடேஷ் கோபப்படவில்லை, பில்லில் 'கேரண்டி இல்லை' என்று எழுதி, அடியில் கோடு போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜெனரேட்டரோடு ராஜ்கமலையும் அழைத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். ஊரில் கரண்ட் வந்திருந்தது. ஆனால் வந்த வேகத்தில் போய்க்கொண்டும் இருந்தது. ஜகதாம்பாள் டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பையைப் பார்த்தார்.

"செட்டு எங்கப்பா?"

"இதான் டீச்சர்."

"இது மிக்ஸி மாதிரி இருக்கே."

"புதுசா வந்திருக்கு டீச்சர். எட்டு கிலோ."

"பழசு எத்தனை கிலோ?"

"நூத்திப் பத்து."

டீச்சர் மனக்கணக்குப் போட்டார். "பதிமூணுல ஒரு பங்கு கூட இல்ல. அதே வேலையைச் செய்யும்னா எங்கேயோ தப்பு இருக்கு. நான் முப்பத்தி ரெண்டு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவ சுப்பராயலு. பொண்ணுங்க ஏறி இறங்கற படி. உன் பெரிய செட்டைக் கொண்டுவா, இல்லேன்னா பக்கிரிக்குப் போன் பண்றேன்."

ஒவ்வொரு வார்த்தையும் சுப்பராயலு ஒரு வாரம் முன்பு ராஜ்கமலிடம் சொன்னது. தன் வாதத்துக்கு எதிர்வாதம் தெரிந்திருந்தால் அன்றைக்கே அவனிடம் தோற்றிருப்பாரே. டீச்சர் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை, மரியாதைதான் கூடியது.

"பொங்கல் முடிஞ்சு கொண்டாரேன் டீச்சர்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ராஜ்கமல் பொரிந்து தள்ளினான். "பெரிய செட்டு ஜெனரேட்டர்ல ஓடாதுன்னு உனக்குத் தெரியும்ல மாமா? அப்புறம் இன்னாத்துக்கு ஒத்துகின?"

"செட்டைக் கொண்டாரச் சொன்னாங்க. ஓட்டச் சொல்லலியே."

போகிப் பண்டிகை அன்று தெருவெல்லாம் பழம்பாய் எரிந்துகொண்டிருக்க, சுப்பராயலு கொல்லையில் தன் பெரிய செட்டைப் பிரித்தார். எண்ணெயைத் தகர டின்னில் வடித்தார். காயிலைக் கப்பி போட்டுத் தூக்கி வெளியே வைத்தார். வெறும் இரும்புக் கூடு மட்டும் நின்றது. அதற்குள் எட்டு கிலோ பெட்டியை வைத்து, விசிறிக் காற்றுக்குப் பின்பக்கம் ஓட்டை போட்டால் வேலை முடிந்தது. திட்டம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பழைய இரும்புக் கடையில் செம்பு என்ன விலைக்குப் போகும் என்ற யோசனையில், வெளியே எடுத்த காயிலின் சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

மேல் சுற்று செம்பு. அவர் பிளேடு பட்ட கீறல் இன்னும் அதில் இருந்தது. அடுத்த சுற்றும் செம்பு. அதற்கு உள்ளே, பிளேடு எட்டாத இடமெல்லாம், வெள்ளை வெளேரென்று அலுமினியம்.

அவர் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். ஆறு வருஷம். எத்தனை கேட், எத்தனை கூரை. புயலில் இவர் பத்தவைத்த மொட்டைமாடிக் கொட்டகைகள் எத்தனையோ நின்றிருக்கின்றன. அலுமினியம் என்று தெரிந்திருந்தால் ஒரே வாரத்தில் அதைத் தூக்கி எறிந்திருப்பார். தெரியாததால் அது ஆறு வருஷம் ஒழுங்காக உழைத்தது. இதில் ஏமாந்தது யார் என்று அவருக்குப் பிடிபடவில்லை. பக்கிரி அன்று சொன்னது ஒருவேளை நிஜமாகவே இருக்குமோ என்றுகூடத் தோன்றியது. உடனே அந்த எண்ணத்தையும் சந்தேகப்பட்டார்.

"இன்னாங்க, அப்பிடியே உக்காந்துட்டீங்க?" என்றார் கொளஞ்சியம்மாள்.

"எண்ணெ நாத்தம், தல சுத்துது."

"நாத்தத்துக்குக் கண்ணு ஏன் சேந்தாப்ல அந்தக் கம்பியையே பாக்குது?"

அவர் கம்பியைக் கோணியால் மூடினார். அந்த வீட்டில் சந்தேகம் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை.

பதினேழாம் தேதி ஒரு லோடு ஆட்டோவில், வயிற்றில் எட்டு கிலோ பெட்டியோடு, பெரிய செட்டு சிதம்பரம் வந்து இறங்கியது. சுப்பராயலுவும் ராஜ்கமலும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முக்கி முனகி இறக்கினார்கள். ராஜ்கமல் கொஞ்சம் அதிகமாகவே முனகினான்; இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றுகூட ஒரு சத்தம் போட்டான். சுப்பராயலு பல்லைக் கடித்தபடி, "போதும்டா, குழந்தை பொறக்கப் போவுது" என்றார். வாசலில் நின்ற டீச்சர் தலையை ஆட்டினார்.

இரண்டு நாள் வேலை. நசுங்கிய படிகளை அறுத்து எடுத்து, புதுத் தகடு வைத்து, கைப்பிடியை நிமிர்த்திப் பத்தவைத்தார். கூட்டின் பின்பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்படி வைத்திருந்தார். புதிதாகப் பத்தவைத்த ஒவ்வொரு மூட்டையும் இருமுறை தட்டினார். பெட்டியை அவர் இன்னும் நம்பவில்லை. தட்டினால் வரும் சத்தத்தை நம்பாமல் இருக்க வழி இல்லை.

பதினெட்டாம் தேதி மதியம் டீச்சர் காப்பியோடு வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"முன்னெல்லாம் உன் செட்டு உர்ர்னு சத்தம் போடுமே?"

"சர்வீஸ் பண்ணேன் டீச்சர்."

"இந்தச் சின்ன ஜெனரேட்டர்ல எப்படி இழுக்குது?"

"அது... புது ஜெனரேட்டர் டீச்சர்" என்று ராஜ்கமல் குறுக்கே விழுந்தான்.

"அன்னிக்கு வந்ததும் இதேதானே?" டீச்சர் காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார். "மூடியத் திற. பாக்கலாம்."

பக்கிரியின் நம்பர் டீச்சர் செல்போனில் இருந்தது. செல்போன் டீச்சர் மடியில் இருந்தது. வேறு எதுவும் தோன்றாத அந்த நொடியில், தான் வாழ்க்கையில் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது.

"பிரிச்சா கேரண்டி போயிடும் டீச்சர்."

"ஆறு வருஷத்துச் செட்டுக்கா?"

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். தரையில் கிடந்த சுத்தியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். முதல் படியிலிருந்து ஒவ்வொரு மூட்டாகத் தட்டி, குனிந்து காது கொடுத்துக் கேட்டபடி ஏறினார். ஐந்து வருஷம் முன்பு இதே படியில் சுப்பராயலு செய்ததைப் பார்த்தவர், பாடத்தை மறக்கவில்லை. கணீர். கணீர். பெண்கள் தங்கும் அறையை நெருங்கும்வரை கணீர். சுப்பராயலு கீழே நின்று, தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை எதிர்கொள்வது போல வேட்டியை இறக்கிவிட்டு நின்றார்.

மேலிருந்து இரண்டாவது படியில் சத்தம் மாறியது. டொக்.

டீச்சர் மறுபடி தட்டினார். டொக்.

"இது?"

சுப்பராயலு நான்கு நான்கு படியாகத் தாவி ஏறினார். குனிந்து, பெயிண்டைச் சுரண்டினார். மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அவர் முகத்தில் முதலில் பயமும் பிறகு நிம்மதியும் வந்தன.

"இது இப்ப அடிச்சது இல்ல டீச்சர். பழசு. அப்ப பெரிய செட்டுல அடிச்சது."

டீச்சர் விரிசலைப் பார்த்தார். படிக்கட்டின் அடியில் நின்ற பெரிய இரும்புக் கூட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். சுத்தியைச் சுப்பராயலு கையில் கொடுத்தார்.

"சரி, இதையும் அந்த மிக்ஸியாலயே பத்தவச்சுடு."

மறுநாள் பெண்கள் பெட்டி படுக்கையோடு அதே படியில் ஏறினார்கள். டீச்சர் போனிலிருந்து பக்கிரிக்குப் போன் எதுவும் போகவில்லை.

ஆனால் ஒரு டீச்சருக்குத் தெரிந்துவிட்டால் ஊருக்கே தெரிந்ததாகிவிடாது. கடலூரில் வாடிக்கையாளர்கள் இன்னும் எடையைத்தான் நம்பினார்கள். அவர்கள் சந்தேகத்தை மதித்து, சுப்பராயலு அந்த வருஷம் முழுக்கக் கூட்டையும் வண்டியையும் விடவில்லை. அந்தப் பொங்கல் கழிந்து பத்தாம் நாளே மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் பக்கிரி எதிரே வந்தான்.

"இன்னா மச்சான், பதிலே காணோம்? வர்றியா இல்லியா?"

"வர்ல மச்சான்."

பக்கிரி வண்டியைப் பார்த்தான், செட்டைப் பார்த்தான். "இன்னமுமா இதை இழுக்கற? வயசாவுதுய்யா. வெயிட்டு ஜாஸ்தி."

அவன் குரலில் இருந்தது கரிசனமா, நோட்டமா என்று சுப்பராயலு ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டார். தெரியவில்லை.

"ஆமா, ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டே மற்றக் கையால் நெற்றியில் இல்லாத வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.